அப்பாவின் சீவுளியில் விழுந்த வெடிப்பு

பட்டறைப் பதில்கள்

என் அப்பா மொரட்டுவையில் தளபாட வேலை செய்தவர். மரம் இழைக்க அவர் பாவித்த ஸ்டான்லி கம்பெனியின் 5ஆம் இலக்கச் சீவுளி எங்களிடம் இருக்கிறது. போன மாதம் வீடு மாறியபோது படிக்கட்டில் விழுந்துவிட்டது. அலகு வெளியே வரும் வாய்க்குப் பக்கத்தில், ஒரு பக்கச் சுவரில் மயிரிழை போன்ற வெடிப்பு. பின் கைப்பிடியும் இரண்டாகப் பிளந்துவிட்டது. வெல்டிங் செய்தால் சரியாகிவிடும் என்கிறார் தெரிந்த ஒருவர். என் மகன் மரவேலை பழக ஆசைப்படுகிறான். இதைத் திருத்த முடியுமா?
வாசகி, வெள்ளவத்தை

மகள், முதலில் அதை வெல்டிங் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். மற்றதை எல்லாம் ஆறுதலாகச் செய்யலாம்.

உங்கள் அப்பாவின் சீவுளி வார்ப்பிரும்பால் ஆனது. கேற்றுக்கும் ஜன்னல் கம்பிக்கும் பாவிக்கும் இரும்பு வேறு, இது வேறு. வார்ப்பிரும்பில் நூற்றுக்கு இரண்டரை முதல் நான்கு பங்கு வரை கரி இருக்கிறது. அந்தக் கரி மெல்லிய செதில்களாக உலோகம் முழுவதும் பரவிக் கிடக்கும். உடைந்த முகம் சாம்பல் நிறமாகத் தெரிவது அதனால்தான். இந்த இரும்பு அழுத்தத்தை நன்றாகத் தாங்கும். இழுத்தாலும் அடித்தாலும் வளைந்து கொடுக்காது, வெடித்துவிடும். வாய்க்குப் பக்கத்தில் வெடித்ததற்கும் காரணம் உண்டு. அலகு நுழைவதற்காக அடியில் குறுக்கே வெட்டிவிட்டிருக்கிறார்கள். அந்த இடத்தில் முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்துப் பிடிப்பவை இரண்டு பக்கச் சுவர்கள்தான். விழுந்த அடி முழுவதும் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது.

வெல்டிங் வேண்டாம் என்று நான் சொல்வது பட்டு அறிந்தது. 1994இல் கொட்டாஞ்சேனையில் நான் பட்டறை போட்ட புதிதில், ஒரு தச்சர் 4ஆம் இலக்கச் சீவுளி ஒன்றைக் கொண்டுவந்தார். இதே இடத்தில், இதே மாதிரி வெடிப்பு. அன்றைக்கு என்னிடம் காஸ் இருக்கவில்லை, அவருக்கோ அவசரம். பக்கத்துத் தெருவில் கேற் செய்யும் கடையொன்றில் கொடுத்துச் சாதாரணக் குச்சியால் மின்வெல்டிங் செய்வித்தேன். ஒட்டு அழகாகத்தான் விழுந்தது. சாக்குத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு என் வாசலுக்கு வந்திருப்பேன், துணிக்குள்ளே இருந்து ‘டிக்’ என்று பல்லி சொல்வது போல ஒரு சத்தம். பிரித்துப் பார்த்தேன். ஒட்டுக்கு அரை விரல் தள்ளி, நன்றாக இருந்த இரும்பில் புதிய வெடிப்பு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு ‘டிக்’. அது அடிவரை போய்விட்டது. அந்தத் தச்சருக்கு வேறு சீவுளி வாங்கிக் கொடுத்தேன். அவர் ஒரு சொல் கூடச் சொல்லவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

அங்கே நடந்தது இதுதான். மின்வெல்டிங் ஒரு புள்ளியை மட்டும் உருக்குகிறது, சுற்றியுள்ள இரும்பு குளிர்ந்தே கிடக்கிறது. சூடு சட்டென்று இறங்கும்போது கரிக்குச் செதிலாகப் பிரிய நேரம் கிடைப்பதில்லை. அது இரும்போடு சேர்ந்து, ஒட்டின் ஓரத்தைக் கண்ணாடி போலக் கடினமாக்கிவிடும். அந்த இடத்தில் அரம் கூட ஏறாது. ஒட்டு ஆறிச் சுருங்கி இழுக்க, அந்த ஓரம் பிளக்கிறது. நிக்கல் குச்சியால் முறையாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள். ஓர் அங்குலம் ஒட்டி, அது சூடாக இருக்கும்போதே சின்னச் சுத்தியலால் மெல்லத் தட்டி, கை வைக்கும் சூட்டுக்கு இறங்கிய பின்னர்தான் அடுத்த அங்குலத்தைத் தொடுவார்கள். அப்படி ஒருவரை உங்களுக்குத் தெரிந்தால் நம்பிக் கொடுக்கலாம். ‘பத்து நிமிடத்தில் தருகிறேன்’ என்பவரிடம் கொடுக்க வேண்டாம்.

இனி வீட்டில் செய்ய வேண்டியது. வெடிப்பு எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்பதைக் கண்ணை நம்பித் தீர்மானிக்கக் கூடாது. எனக்குத் தொழில் படிப்பித்த பாஸ் பாணந்துறைக்காரர். அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு துண்டு வெண்கட்டி இருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், வெடித்த ஒரு பம்பு மூடியை என் கையில் தந்து, வெடிப்பு முடியும் இடத்தில் பென்சிலால் குறி என்றார். குறித்தேன். அவர் மண்ணெண்ணெய் பூசினார், பொறுத்தார், துடைத்தார், வெண்கட்டியைத் தூளாக்கித் தடவினார். வெள்ளைப் பொடியில் ஈரக்கோடு மெல்ல ஊறி வந்தது. என் பென்சில் குறியைத் தாண்டி இன்னும் அவ்வளவு தூரம் போய் நின்றது. பழைய ரயில் பட்டறைகளில் சக்கர அச்சுகளைச் சோதித்ததும் எண்ணெயையும் சுண்ணப் பொடியையும் கொண்டு இதே முறையில்தான்.

நீங்களும் இதையே செய்யுங்கள். அலகு, அதை அழுத்தும் மூடி, அலகைத் தாங்கும் சாய்வான உள்துண்டு, முன்குமிழ், கைப்பிடி எல்லாவற்றையும் கழற்றுங்கள். திருகாணிகளை ஒரு பழைய ரின்னில் போட்டு மூடி வையுங்கள். ஸ்டான்லி திருகாணிகளின் புரி எல்லாக் கடையிலும் கிடைக்கும் புரி அல்ல. ஒன்று தொலைந்தால் இன்னொரு பழைய சீவுளியை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். உடலை மண்ணெண்ணெயால் நன்றாகக் கழுவி, வெடிப்பின் மேல் மறுபடியும் மண்ணெண்ணெய் பூசி இருபது நிமிடம் விடுங்கள். காய்ந்த துணியால் ஈரமே இல்லாமல் துடையுங்கள். பிறகு வெண்கட்டித் தூள். உள்பக்கம், வெளிப்பக்கம், அடி மூன்றையும் பாருங்கள்.

கோடு பக்கச் சுவருக்குள்ளேயே நின்றுவிட்டால், நான் அதை ஒட்டவே மாட்டேன். சீவுளியின் உடலுக்கு வேலையின்போது பெரிய இழுவை ஒன்றும் வருவதில்லை. வெடிப்பு வளராமல் தடுத்தால் போதும். வெடிப்பின் நுனி ஊசிமுனை போலக் கூர்மையானது, இழுவை எல்லாம் அந்த முனையில் குவிவதால்தான் அது மேலே மேலே ஓடுகிறது. ஈரக்கோடு முடிந்த இடத்தில், நுனி துளைக்குள் அகப்படும்படியாக, 3 மில்லிமீற்றர் துளை ஒன்று போடுங்கள். கூர் இல்லாமல் வட்டமாகிவிட்ட முனையில் இழுவை பரவிவிடும். மெதுவான வேகத்தில் துளையுங்கள். எண்ணெய் விட வேண்டியதில்லை, வார்ப்பிரும்பில் இருக்கும் கரியே வழுக்கிக் கொடுக்கும், தூள் கறுப்பு மாவாக உதிரும். வெடித்த சீவுளி ஒன்று இப்படித் துளை போட்டு இருபது வருடமாக என் மேசையில் வேலை செய்கிறது. மழைக்காலம் தொடங்கும்போது ஒருமுறை வெண்கட்டி தடவிப் பார்ப்பேன். நின்ற இடத்திலேயே நிற்கிறது.

கோடு அடிக்கு இறங்கி வாயோடு சேர்ந்துவிட்டதென்றால் பித்தளை ஒட்டுத்தான் வழி. இது காஸ் வேலை, நீங்கள் செய்ய முடியாது. ஆனால் செய்பவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்திருங்கள். வார்ப்பிரும்பு உருகுவதற்கு ஏறத்தாழ 1,150 பாகை வேண்டும். பித்தளைக் குச்சி 900 பாகைக்குள் உருகிவிடும். ஆகவே தாய் இரும்பு உருகாது, பித்தளை மட்டும் உருகி அதன் மேல் படர்ந்து பிடித்துக்கொள்ளும். வெடிப்பின் நீளத்துக்கு அரத்தால் ‘வி’ வடிவப் பள்ளம் எடுக்க வேண்டும். சுழலும் கல்லால் எடுத்தால் கரி முகத்தில் பூசிக்கொள்ளும், பித்தளை பிடிக்காமல் முத்து முத்தாக உருண்டு ஓடும். பல வருட எண்ணெய் ஊறிய இரும்பு என்பதால் முதலில் ஒரு சூடு காட்டி எண்ணெயைப் புகைய விட்டு எரிக்க வேண்டும். அதன் பிறகு முழு உடலையும் சூடாக்க வேண்டும், வெடித்த இடத்தை மட்டும் அல்ல. இருட்டு மூலையில் வைத்துப் பார்த்தால் தெரியும் மங்கலான சிவப்பு வந்ததும் வெண்காரம் தூவிப் பித்தளையைக் கொடுப்பார்கள். செட்டியார் தெருவில் நகை ஊதுபவர்கள் பாவிக்கும் அதே வெண்காரம்தான். பித்தளையில் நாகம் (துத்தநாகம்) இருப்பதால் வெள்ளைப் புகை வரும். அதைச் சுவாசித்தால் இரவுக்குக் காய்ச்சல் அடிக்கும். திறந்த வெளியில் செய்பவரையே தேடுங்கள்.

ஒட்டியவுடன் உடலைக் காய்ந்த சாம்பலிலோ சுண்ணாம்புத் தூளிலோ முழுக்கப் புதைத்து, மறுநாள் காலை வரை தொடாமல் விட வேண்டும். அன்றைக்கே கையில் வாங்கிக்கொண்டு வர நினைக்காதீர்கள். இரவு தங்க வைப்பீர்களா என்று முதலிலேயே கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்கு அவர் சொல்லும் பதிலிலேயே அவருக்கு வார்ப்பிரும்பு தெரியுமா என்பது தெரிந்துவிடும்.

சூடு பட்ட அடி கொஞ்சம் வளைந்திருக்கும். பத்து மில்லிமீற்றருக்குக் குறையாத தடிப்பில் ஒரு கண்ணாடித் துண்டு வாங்குங்கள். கண்ணாடி வெட்டும் கடைகளில் கழிவுத் துண்டு கிடைக்கும். அதன் மேல் சாண்ட் பேப்பரை ஒட்டி, அலகையும் உள்துண்டையும் பூட்டி இறுக்கிய நிலையில், ஆனால் அலகின் முனையை நன்றாக உள்ளே இழுத்துக்கொண்டு, அடியைத் தேயுங்கள். பூட்டாமல் தேய்த்தால் பூட்டியதும் அடி மறுபடி வளையும். முன் ஓரம், வாயின் இரு பக்கம், பின் ஓரம் இவை ஒரே மட்டத்தில் பளபளத்தால் போதும். நடுவில் சில பள்ளங்கள் கறுப்பாகவே இருக்கலாம், அதைத் துரத்திக்கொண்டு போக வேண்டாம்.

கைப்பிடிக்கு வருகிறேன். இதை உங்கள் மகனிடமே கொடுங்கள். பிளந்த முகங்களைத் தேய்க்க வேண்டாம். பிளந்த மரம் தன் மறுபாதியோடு பல்லுக்குப் பல் பொருந்தும், தேய்த்தால் அந்தப் பொருத்தம் போய்விடும். பழைய ஸ்டான்லி கைப்பிடிகள் பெரும்பாலும் ரோஸ்வூட் மரம், இயற்கையாகவே எண்ணெய்ப் பிடிப்பு உள்ளது. அசிட்டோன் தோய்த்த துணியால் இரண்டு முகத்தையும் துடைத்து, உலர்ந்தவுடன் இரட்டைக் குழாய் எப்பொக்சிப் பசையை மெல்லப் பூசுங்கள். கைப்பிடியின் நடுவால் போகும் நீளமான கம்பிக்கு மெழுகுவர்த்தியைத் தேய்த்து, அதைத் துளையில் செருகிய நிலையில் ஒட்டினால் துளை கோணாது, கம்பியும் ஒட்டிக்கொள்ளாது. கைப்பிடி வளைந்த உருவம் என்பதால் இறுக்கும் கருவி எதுவும் சரியாக உட்காராது. பழைய சைக்கிள் டியூப்பை விரல் அகலத்துக்கு நீளமாக வெட்டி, இழுத்து இழுத்துச் சுற்றுங்கள். மரத்தின் வளைவெல்லாம் ஒரே சீராக இறுகும். ஒரு முழு நாள் விடுங்கள். பொருத்திய பிறகு மேலே இருக்கும் பித்தளை நட்டு தளராமல் இருக்கிறதா என்று அடிக்கடி பார்க்கச் சொல்லுங்கள். இந்தக் கைப்பிடிகள் வேலையில் பிளப்பது பெரும்பாலும் அந்த நட்டு தளர்ந்து ஆடுவதால்தான்.

ஒன்று சொல்லாமல் விட்டால் மனம் ஆறாது. லெனாட் பெய்லி என்பவரின் சீவுளி உரிமைகளை ஸ்டான்லி வாங்கியது 1869இல். உங்கள் கையில் இருப்பது ஏறக்குறைய அதே அமைப்பு. 14 அங்குல நீளம், 2 அங்குல அலகு, கையை எடுக்காமலே விரலால் திருப்பித் தடிப்பைக் கூட்டிக் குறைக்கும் பித்தளைச் சக்கரம். அந்தச் சக்கரத்தின் ஓரத்தில் விரல் பட்டுப் பட்டுத் தேய்ந்த இடம் இருக்கும், பாருங்கள். அது உங்கள் அப்பாவின் சுட்டு விரல். அதைப் பளபளப்பாக்குகிறேன் என்று யாராவது கேட்டால் விடாதீர்கள்.

என் சுத்தியலின் முகத்து ஓரத்தில் இருந்து ஒரு வெடிப்பு உள்ளே போகிறது. நல்ல பழைய சுத்தியல். வெல்டிங் செய்து அரைத்தெடுக்கலாமா?
வாசகர், மாளிகாவத்தை

வேண்டாம், தம்பி. எறிந்துவிடுங்கள்.

சுத்தியலின் முகம் கடினமாக்கப்பட்ட உருக்கு. வெல்டிங் சூடு பட்டால் ஒரு பகுதி மென்மையாகிவிடும், அதன் ஓரம் இன்னும் நொறுங்கலாகிவிடும். அடிக்கும்போது தெறிக்கும் துண்டு நெல்மணி அளவுதான் இருக்கும், ஆனால் கண்ணுக்கு நேரே வரும். என்னோடு வேலை பழகிய ஒருவர் இடக்கண்ணை அப்படித்தான் இழந்தார். வெடித்த சுத்தியல் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அன்று மாலையோடு மாற்றிவிடுவோம் என்று வைத்திருந்தார்.

எந்தக் கருவியையும் திருத்தலாம் என்றுதான் நான் இந்தப் பக்கத்தில் எழுதி வருகிறேன். அடி வாங்கும் உருக்கில் வெடிப்பு வந்தால் மட்டும் அந்தச் சொல் செல்லாது. சுத்தியல், உளியின் அடிவாங்கும் தலை, கோடாலி, கல் உடைக்கும் சம்மட்டி எல்லாவற்றுக்கும் இதுதான். எறிவதற்கு முன் அதன் தலையில் அரத்தால் ஆழமாக ஒரு பெருக்கல் குறி போடுங்கள். பழைய இரும்புக்காரர் கைக்குப் போய், அங்கிருந்து நடைபாதைக் கடைக்கு வந்து, இன்னொருவர் அதை வாங்கிவிடக் கூடாது. உங்கள் சுத்தியலின் பிடி நன்றாக இருந்தால் அதைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

சுத்தியல் தலை ஆடுகிறது. இரவு தண்ணீரில் ஊறவைத்தால் இறுகிவிடுகிறது, ஒரு வாரத்தில் மறுபடி ஆடுகிறது. பிடியில் சின்ன வெடிப்பும் தெரிகிறது. என்ன செய்வது?
வாசகர், தெஹிவளை

தண்ணீர்தான் அந்த வெடிப்பைக் கொண்டுவந்திருக்கிறது. தண்ணீரில் மரம் உப்பும்போது பிடி நுழையும் இரும்புத் துளை, அதாவது கண், இடம் கொடுக்காது. மரத்தின் நார் உள்ளுக்குள்ளே நசுங்குகிறது. காய்ந்ததும் முன்பு இருந்ததை விட மெலிந்துபோகிறது. ஒவ்வொரு முறை ஊறவைக்கும்போதும் பிடி கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டு வருகிறது. வெடித்த பிடியைக் கம்பி சுற்றியோ பசை வைத்தோ காப்பாற்ற முயல வேண்டாம், புதிய பிடி போடுங்கள்.

பழைய சோனகத் தெரு இரும்புக் கடைகளில் கட்டுக் கட்டாகப் பிடிகள் வைத்திருக்கிறார்கள். கடைக்காரர் எடுத்துத் தருவதை வாங்காமல், நீங்களே குனிந்து தெரிவு செய்யுங்கள். பிடியைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தால் நார் ஒரு முனையில் இருந்து மறுமுனை வரை நீளமாக ஓட வேண்டும். பாதி வழியில் பக்கவாட்டில் வெளியேறினால் அங்கேதான் ஒரு நாள் முறியும். ஊருக்குப் போகிறவர்கள் கொய்யாக் கொம்பு ஒன்று கொண்டுவந்து, நிழலில் ஆறு மாதம் காய வைத்துச் செதுக்கினால் கடைப்பிடி எதுவும் அதற்குப் பக்கத்தில் நிற்காது. கொய்யா நார் பின்னலாக இருக்கும், அதிர்வைக் கைக்கு அனுப்பாது.

பிடியைக் கண்ணுக்குள் இறக்கும்போது தலையைத் தரையில் வைத்து அடிக்காதீர்கள். பிடியைத் தலைகீழாகத் தொங்கவிட்டுப் பிடித்துக்கொண்டு, மேலே பார்த்தபடி இருக்கும் பிடியின் அடியைக் கொட்டாப்புளியால், அதாவது மரச் சுத்தியலால், தட்டுங்கள். தலை தன் பாரத்தாலேயே பிடியில் ஏறி வரும். முதல் தடவை பார்ப்பவர்கள் நம்ப மாட்டார்கள். பிறகு கண்ணின் நீளவாட்டில் மர ஆப்பு, அதற்குக் குறுக்கே சின்ன இரும்பு ஆப்பு. ஆப்பு வைத்த முகத்துக்கு ஆளிவிதை எண்ணெய் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து ஊட்டுங்கள். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட வேண்டாம், அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக் கூடியது. கொடியில் விரித்துக் காய வைத்துவிட்டு எறியுங்கள்.

யாழ்ப்பாணத்தில் இருந்து தாத்தாவின் மரச் சீவுளியைக் கொண்டுவந்து பம்பலப்பிட்டியில் என் அறை அலுமாரியில் வைத்தேன். குளிரூட்டி நாள் முழுவதும் ஓடும் அறை. நான்கு மாதத்தில் முன்பக்க முனையில் இருந்து நீளமாக ஒரு வெடிப்பு. பசை ஊற்றி இறுக்கிக் கட்டலாமா?
வாசகர், பம்பலப்பிட்டி

கட்டாதீர்கள். இது அடிபட்ட வெடிப்பு அல்ல, தாக வெடிப்பு.

தாத்தா காலத்தில் இருந்து கடற்காற்றைக் குடித்த மரம் அது. குளிரூட்டி அறைக் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துவிடும். மரம் முதலில் காய்வது முனைகளில்தான், ஏனென்றால் நார்க் குழாய்கள் திறந்திருக்கும் இடம் அது. முனை சுருங்குகிறது, நடு இன்னும் சுருங்கவில்லை, ஆகவே முனை பிளக்கிறது. இப்போது பசை ஊற்றி இறுக்கினால், பிறகு ஈரம் ஏறி மரம் விரியும்போது ஒட்டியதற்குப் பக்கத்தில் வேறோர் இடம் பிளக்கும்.

அலகையும் ஆப்பையும் கழற்றிவிடுங்கள். ஆப்பு உள்ளே இறுகி இருந்தால் அதுவே பக்கச் சுவர்களைத் தள்ளிப் பிளந்துவிடும். சீவுளியைக் குளிரூட்டி இல்லாத அறையில், வெயில் படாத இடத்தில், தரையில் இருந்து உயர்த்தி வையுங்கள். வெடிப்பின் குறுக்கே ஒரு கடதாசித் துண்டை ஒட்டி, வெடிப்பின் இரு ஓரங்களையும் கோடு போட்டு, திகதியை எழுதுங்கள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை புதிய கடதாசி. கொழும்புக் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை, பெரும்பாலும் வெடிப்பு தானாகவே பாதிக்கு மேல் மூடிக்கொள்ளும். அடுத்தடுத்து இரண்டு கடதாசியில் அளவு மாறவில்லை என்றால் மரம் அடங்கிவிட்டது என்று அர்த்தம்.

அதற்குப் பிறகும் இடைவெளி மிஞ்சினால், அதே மாதிரி மரத்தில் மெல்லிய சீவல் எடுத்து, ஒரு ஓரத்தை இன்னும் மெலிதாக்கி, மரப் பசை பூசி, தட்டாமல் கையால் தள்ளக்கூடிய அளவுக்கு மட்டும் வெடிப்புக்குள் இறக்குங்கள். நாரின் ஓட்டம் உடலின் ஓட்டத்தோடு ஒத்திருக்க வேண்டும். வாய் வரை வெடிப்பு போயிருந்தால் மேல் முகத்தில் உடுக்கை வடிவில் ஒரு கடின மரத்துண்டைக் குறுக்கே பதித்துப் பூட்டலாம். அது கைப்பழக்கம் வேண்டிய வேலை, எடுத்துக்கொண்டு வாருங்கள், சேர்ந்து செய்வோம். தாத்தா என்ன மரத்தில் செய்தார் என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு மூலையில் நகத்தால் அழுத்திப் பாருங்கள். தடம் விழாமல், மஞ்சள் கலந்த பட்டுப் போன்ற மினுக்கம் தெரிந்தால் முதிரையாக இருக்கலாம். அப்படி என்றால் சீவலையும் முதிரையிலேயே எடுங்கள். பழைய கதவு நிலை உடைக்கும் இடங்களில் துண்டு கிடைக்கும்.

மேசையில் பூட்டித் தேங்காய் துருவும் இயந்திரத்தின் பூட்டும் கால் வெடித்துவிட்டது. ஈயப்பற்று வைக்கலாமா?
வாசகி, மட்டக்குளி

ஈயம் வேண்டாம், அம்மா. சாப்பாட்டுக்குப் பக்கத்தில் ஈயத்துக்கு இடமே இல்லை. அதோடு ஈயப்பற்றுக்கு இந்த இழுவையைத் தாங்கும் பலமும் கிடையாது, நான்கு தேங்காயில் விட்டுவிடும்.

முதலில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது வார்ப்பிரும்பு, வெள்ளவத்தை வாசகிக்கு எழுதிய பித்தளை ஒட்டு உங்களுக்கும் பொருந்தும். வெள்ளிப் பற்று வைக்கிறேன் என்று யாராவது சொன்னால், கட்மியம் கலக்காத குச்சியா என்று கேளுங்கள். சில வெள்ளிக் குச்சிகளில் கட்மியம் இருக்கிறது, அது நஞ்சு. காந்தம் ஒட்டாவிட்டால் அலுமினிய வார்ப்பு. அதை ஒட்டுவதற்குக் கொடுக்கும் காசுக்குப் புதியதே வாங்கிவிடலாம். எதுவாக இருந்தாலும் வெடிக்க வைத்தது அந்தக் கீழ்த் திருகை அளவுக்கு மிஞ்சி இறுக்கியதுதான். மேசைப் பலகைக்கும் காலுக்கும் இடையில் ஒரு துண்டு ரப்பர் வைத்தால் அரைவாசி இறுக்கத்திலேயே ஆடாமல் நிற்கும்.

மரம் அறுக்கும் கைவாளின் ஒரு பல்லடியில் இருந்து அரை அங்குல வெடிப்பு மேலே போகிறது. வாள் இனிப் பயன்படாதா?
வாசகர், வத்தளை

பயன்படும். வெடிப்பு நுனியில் 2 மில்லிமீற்றர் துளை போடுங்கள். தகட்டின் பின்னால் கடினமான பலகைத் துண்டு வைத்து, கார்பைட் முனை உள்ள துளையலகால், அவசரப்படாமல் துளைக்க வேண்டும், சாதாரண அலகு வாளின் உருக்கில் வழுக்கும். வெடிப்புக்கு இரு பக்கத்திலும் உள்ள பல்லை அரத்தால் ஒரு மயிரளவு தாழ்த்திவிட்டால் மரத்தில் கொளுவி இழுக்காது. வாளை ஆணியில் தொங்கவிடும்போது தேங்காய் எண்ணெய் பூசாதீர்கள். அது நாளடைவில் கெட்டுத் தகட்டில் பிசுபிசுக்கும், அதன் அடியில் துரு பிடிக்கும். தையல் இயந்திர எண்ணெய் இரண்டு துளி, பழைய பனியன் துணியால் தடவினால் போதும்.